வேலையோடும் குடும்பத்தோடும் பட்டம் படித்தல்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூடத்தை இடையில் விட்டு, வேலைக்குப் போய், குடும்பம் என்று ஆன பிறகு மீண்டும் படிக்க விரும்புகிறவர்கள் மலையகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஹட்டன் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களோடு உட்கார்ந்து படிக்கும் சிறிய வட்டமொன்றில் நான் சில ஆண்டுகளாக இருக்கிறேன். நானும் முப்பது வயதைக் கடந்த பின்னர், ஆசிரியர் வேலை பார்த்துக்கொண்டே பட்டம் முடித்தவள். அங்கே படிப்பவர்களும் அவர்களுடைய வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். விண்ணப்பத் திகதியும் கட்டணமும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், அவற்றை உரிய நிலையத்திலேயே கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

எனக்கு முப்பத்தெட்டு வயது. உயர்தரம் (A/L) படிக்கவில்லை. பட்டப்படிப்புக்கு வழி உண்டா?

உண்டு. 1980இல் தொடங்கப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் உங்களைப் போன்றவர்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்ட அரச பல்கலைக்கழகம். அதன் தலைமையகம் நாவலையில் இருந்தாலும், கண்டியை அடுத்த பொல்கொல்லையிலும் பதுளையிலும் ஹட்டனிலும் அதற்கு நிலையங்கள் உள்ளன. உயர்தரச் சித்தி இல்லாதவர்கள் ‘பவுண்டேஷன்’ என்று பலரும் சொல்லும் அடிப்படைக் கற்கைநெறியை முதலில் முடித்து, அந்தத் தகைமையைக் கொண்டு பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். இதற்கு உச்ச வயதெல்லை கிடையாது. முன்பள்ளி ஆசிரியைகளாகவும் பிள்ளைக்காம்பரா எனப்படும் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகப் பொறுப்பாளர்களாகவும் வேலை செய்கிற பெண்கள், அங்கே நடத்தப்படும் முன்பள்ளிக் கல்விச் சான்றிதழில் தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. ஏனென்றால் அவர்கள் நாள்தோறும் செய்கிற வேலையே அதில் பாடமாக வருகிறது.

இரண்டாவது வழி தொழில் தகைமை. மின்னிணைப்பு, மேசன் வேலை, வாகனம் திருத்துதல் போன்றவற்றைக் கையால் கற்றவர்கள், சான்றிதழ் எதுவும் இல்லாவிட்டாலும், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையின்கீழ் தங்கள் திறமையைக் காட்டித் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழைப் பெற முடியும். அந்தக் கட்டமைப்பில் ஏழு மட்டங்கள் உள்ளன. ஐந்தாவது டிப்ளோமா, ஆறாவது உயர் தேசிய டிப்ளோமா, ஏழாவது பட்டம். இரத்மலானையிலுள்ள தொழில்சார் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் இந்தப் பாதையில் வருபவர்களுக்காக 2008ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்டது. மலையகத்து இளைஞர்கள் பலர் கொழும்பிலே பத்து ஆண்டு தொழில் செய்தும், அந்த உழைப்பை ஒரு தகைமையாக மாற்றலாம் என்பதை அறியாமலே இருக்கிறார்கள் என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம்.

உயர்தரப் பரீட்சையையே தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதுவது மூன்றாவது வழி.

மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தேன். வெட்டுப்புள்ளி போதாமல் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. இனி என்ன செய்வது?

உள்வாரி அனுமதியில், அதாவது பல்கலைக்கழகத்துக்கு நேரடியாகச் சென்று படிப்பதற்கான அனுமதியில், பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான மேலதிக ஒதுக்கீட்டிலும் வழங்கப்படுகிறது. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி ஆகிய மூன்றும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் உள்ளன. ஆனால் ஒதுக்கீடு மாவட்டத்துக்கே உரியது, தோட்டத்துக்கு உரியதன்று. நகரப் பாடசாலையில் படித்தவரும் தோட்டப் பாடசாலையில் படித்தவரும் அதே இடங்களுக்குத்தான் போட்டியிடுகிறார்கள்.

இடம் கிடைக்காதவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகம், உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகத்தின் உயர் தேசிய டிப்ளோமாக்கள், வெளிவாரிப் பட்டங்கள் ஆகியவை உள்ளன. வெளிவாரிப் பட்டம் குறித்து ஓர் எச்சரிக்கை: பெரும்பாலும் பல்கலைக்கழகம் பதிவையும் பரீட்சையையும் மட்டுமே நடத்தும், கற்பிப்பதற்கு நீங்களே வகுப்புத் தேட வேண்டும். தனித்துப் படித்துப் பழகாதவர்களுக்கு அது கடினமான பாதை. தனியார் நிறுவனத்தில் சேர்வதாக இருந்தால், அது 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின்கீழ் பட்டம் வழங்க அங்கீகாரம் பெற்றதா என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் உறுதிப்படுத்திய பின்னரே பணம் கட்டுங்கள். நகையை அடகு வைத்துப் படித்து முடித்த பிறகு, அந்தப் பட்டம் எங்கும் செல்லாது என்று அறிந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் யாருமே பெரிய படிப்புப் படித்ததில்லை. எங்களுக்குப் படிப்பு ஏறாது என்று அப்பாவே சொல்கிறார். அது உண்மையா?

உண்மையன்று. அப்பாவோடு வாதாடாமல், இதை அவருக்கு அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள். இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியிலேயே விடப்பட்டன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நம் முன்னோரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களில்தான். அதுவரை ஓர் ஆசிரியரும் ஓர் அறையும் ஐந்தாம் வகுப்பும்தான் பல தோட்டங்களில் பள்ளிக்கூடம் என்பது. எஞ்சியிருந்த நாடற்றவர்களின் பிரச்சினையைத் தீர்ப்பதற்கான சட்டம் 2003இல்தான் வந்தது. உங்கள் அப்பா படிக்கவில்லை என்பதைவிட, அவருக்குப் பள்ளிக்கூடம் கொடுக்கப்படவில்லை என்பதே சரி. அவருடைய தலைமுறைக்கும் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் இருந்தது அறிவுக் குறைவு அல்ல.

என் பெயர் ஒவ்வொரு பத்திரத்திலும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. விண்ணப்பிக்க முடியுமா?

முடியும், ஆனால் படிப்பைத் தொடங்குவதற்கு முன்பே இதைச் சரிசெய்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும், சாதாரண தரப் பெறுபேற்றில் வேறொரு விதமாகவும் இருப்பது தோட்டங்களில் சாதாரணம். தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டு வேறொரு மொழியில் எழுதியதால் வந்த பிழைகள் இவை. பிறப்புப் பதிவே இல்லாதவர்கள் காலங்கடந்த பதிவுக்கோ உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். பழைய பெறுபேற்றுத் தாள் தொலைந்திருந்தால் பரீட்சைத் திணைக்களத்திடமிருந்து பெறலாம். பரீட்சை எழுதிய ஆண்டும் சுட்டெண்ணும் தெரிந்திருந்தால் வேலை இலகுவாகும். அலுவலகத்திலிருந்து வரும் கடிதம் உங்களுக்கு விளங்காத மொழியில் இருந்தால், தமிழில் பதில் கேட்பதற்கு அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் உங்களுக்கு உரிமை தருகிறது. கேட்கத் தயங்க வேண்டாம்.

பணத்துக்கு என்ன செய்வது?

மகாபொல புலமைப்பரிசில் உள்வாரி மாணவர்களுக்கே உரியது; வட்டியில்லா மாணவர் கடன் திட்டமும் அண்மையில் உயர்தரம் சித்தியடைந்த இளையோரை நோக்கியது. ஆகவே வயது வந்த பிறகு படிக்கிறவர் பெரும்பாலும் தன் கைப்பணத்தையே நம்ப வேண்டியிருக்கிறது, அது நியாயமன்று என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். திறந்த பல்கலைக்கழகத்தில் பாடவாரியாகப் பதிவு செய்யலாம் என்பதால், முதல் ஆண்டில் எடுக்கக்கூடிய எல்லாவற்றையும் எடுக்காமல், கையிலுள்ள பணத்துக்கும் நேரத்துக்கும் ஏற்ற அளவில் குறைவாக எடுங்கள். தவணைக் கட்டண வசதியும் குறைந்த வருமானக்காரருக்கான உதவியும் இருக்கின்றனவா என்று பதிவின்போதே எழுத்தில் கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதியிலிருந்து (EPF) படிப்புக்காகப் பணம் எடுக்கலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். இடையில் 30 சதவீதம் எடுக்கும் வசதி வீட்டுக்கும் மருத்துவத்துக்குமே உண்டு. எங்கள் வட்டத்தில் நான்கு பெண்கள் மாதச் சீட்டுப் போட்டு, பதிவு மாதம் யாருக்கு வருகிறதோ அவருக்கு அந்த மாதச் சீட்டைக் கொடுக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை, வட்டியில்லாத மிகச் சிறந்த ஏற்பாடு அதுதான்.

தோட்டத்தில் வேலை செய்துகொண்டு படிப்பதற்கு நேரம் எங்கே இருக்கிறது?

இதுதான் எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. காலையில் பெரட்டு எனப்படும் ஆள் கணக்கெடுப்பு, பிறகு மலை, கொழுந்து நிறுத்தல், மாலையில் அடுப்பு, தண்ணீர், பிள்ளைகள் என்று கழிகிற நாளில் படிப்புக்கு என்று ஒதுக்கப்பட்ட மணி எதுவும் இல்லை. நிர்ணயித்த கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். நேர்முக வகுப்புக்குப் போனால் அன்றைய பேரே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். பறித்த கிலோவுக்குக் கையில் காசு தரும் கைக்காசு வேலை பெரும்பாலும் ஞாயிறுதான். இதையெல்லாம் அறியாமல் ‘நேரத்தைத் திட்டமிடுங்கள்’ என்று அறிவுரை சொல்வது பயனற்றது.

நான் கண்ட அளவில் மூன்று விடயங்கள் உதவுகின்றன. ஒன்று, நாளை அல்ல, ஆண்டைத் திட்டமிடுவது. மேற்குப் பக்கத்து மலைகளில் மார்ச் முதல் மே வரை கொழுந்து மிகுந்து வரும் காலம். அப்போது யாராலும் புத்தகத்தைத் தூக்க முடியாது. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவும் பெரும்பாலும் அதே காலத்தையொட்டி வருவதால், ஒலிபெருக்கி இரவு வரை ஒலிக்கும். ஆகவே ஒப்படைகளின் (எழுதி ஒப்படைக்க வேண்டிய பயிற்சிகளின்) திகதி கிடைத்தவுடனே அவற்றைத் தோட்டத்து நாட்காட்டியோடு ஒட்டிப் பார்த்து, நெருக்கடி மாதத்தில் விழுபவற்றை முன்பே எழுதி முடித்துவிட வேண்டும். மே மாதத்துக்குப் பிறகு ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மழை. பதுளை, பசறைப் பக்கம் ஆண்டின் கடைசி மாதங்களில் மழை. மண் சரிந்து பாதை மூடப்படும் காலம் அது. அந்த நாட்களில் பரீட்சை இருந்தால், முதல் நாளே நகரத்தில் உறவினர் வீட்டுக்குப் போய்த் தங்குவதற்கு ஒழுங்கு செய்துகொள்ளுங்கள்.

இரண்டு, இடம். லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீட்டின் ஓர் அறையில் ஆறு பேரும் ஒரு தொலைக்காட்சியும் இருக்கும்போது அங்கே படி என்பது நடக்காத காரியம். மாலை ஐந்து மணிக்குப் பிறகு பிள்ளைக்காம்பரா வெறுமையாக இருக்கிறது. பாடசாலை வகுப்பறையும் வாசிகசாலையும் கோயில் மண்டபமும் அப்படியே. திறப்பு ஒன்றும் மின்குமிழ் ஒன்றும் கிடைத்தால் போதும். இதற்காகத் தோட்ட நிர்வாகத்திடம் கடிதம் கொடுத்தபோது இரண்டு இடங்களில் உடனே சம்மதித்தார்கள். அதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்று, சிறு துண்டுகளாகப் படிப்பது. ஒரு பாடப் பகுதியைக் கைபேசியில் உங்கள் குரலிலேயே வாசித்துப் பதிவு செய்து, வேலைக்குப் போகும் வழியில் கேளுங்கள். நான் பட்டம் முடித்தது பெரும்பாலும் இப்படித்தான்.

முதல் ஆண்டிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். பாடம் கடினம் என்பதாலா?

பெரும்பாலும் இல்லை. நின்றுபோனவர்களோடு பேசியபோது, அவர்கள் முதல் ஒப்படையிலேயே நின்றிருப்பது தெரிந்தது. திறந்த பல்கலைக்கழகத்தில் தொடர் மதிப்பீட்டில் போதிய புள்ளி பெற்றால்தான் இறுதிப் பரீட்சைக்குத் தோற்றும் தகுதி கிடைக்கும். இதைப் பலர் ஆண்டின் நடுவில்தான் அறிகிறார்கள். அதற்குள் இரண்டு ஒப்படைகள் போயிருக்கும்.

எங்கள் வட்டத்துக்கு வந்த ஒரு முன்பள்ளி ஆசிரியையின் முதல் ஒப்படை சிவப்பு மையோடு திரும்பி வந்தது. அவர் அதை யாருக்கும் காட்டாமல் அரிசி டின்னுக்குப் பின்னால் இரண்டு வாரம் ஒளித்து வைத்திருந்தார். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு பேனா பிடித்தவருக்கு அந்தச் சிவப்பு மை, பள்ளிக்கூடத்தில் கேட்ட ‘உனக்கு வராது’ என்ற வார்த்தையாகவே தெரிந்திருக்கிறது. ஒருநாள் எடுத்துவந்து காட்டியபோது வரிவரியாக வாசித்தோம். எட்டுக் குறிப்புகளில் ஆறு ஒரே குறையைப் பற்றியவை: கேள்வி ‘ஒப்பிடுக’ என்று கேட்டிருக்க, அவர் இரண்டையும் தனித்தனியே விவரித்திருந்தார். அறிவில் குறையில்லை; கேள்வியின் வினைச்சொல்லைக் கவனிக்கவில்லை. ‘விளக்குக’, ‘ஒப்பிடுக’, ‘மதிப்பிடுக’ ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு வேலைகளைக் கேட்கின்றன என்பதை யாரோ ஒருவர் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அடுத்த ஒப்படையில் அவர் சித்தியடைந்தார்.

ஆகவே வயது வந்த மாணவருக்கு உதவ விரும்புகிறவர்கள் எல்லாரிடமும் நான் கேட்பது, முதல் ஒப்படை திரும்பி வரும் வாரத்தில் அவர் பக்கத்தில் இருங்கள் என்பதே. வேறு எந்த வாரத்திலும் செய்யும் உதவி அந்த வாரத்து உதவிக்கு ஈடாகாது.

தமிழிலேயே படிக்க முடியுமா? ஆங்கிலம் தெரியாதே.

கலை, கல்வி, சட்டம் சார்ந்த பல கற்கைநெறிகளைத் தமிழ்மொழி மூலம் படிக்கலாம். விஞ்ஞானம், பொறியியல் போன்றவை ஆங்கிலத்தில்தான். பதிவுக்கு முன் மொழிமூலத்தைக் கேட்டு உறுதி செய்யுங்கள். தமிழில் படித்தாலும் ஆங்கிலத்தை முற்றாக ஒதுக்கிவிட முடியாது. ஆகவே முதல் ஆண்டிலிருந்தே நாளொன்றுக்கு ஒரு பந்தி வாசிக்கப் பழகுங்கள்.

தமிழிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. யூரியூப்பில் பாடம் தேடுகிறவர்களுக்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுக் காணொளிகள். அங்குள்ள கலைச்சொல் நம்முடையதன்று. நம் பொருளியல் பாடத்தில் ‘கேள்வி’, ‘நிரம்பல்’ என்பவற்றை அங்கே ‘தேவை’, ‘அளிப்பு’ என்கிறார்கள். நமது ‘புள்ளிவிபரவியல்’ அங்கே ‘புள்ளியியல்’. இது தெரியாமல் இரண்டும் வெவ்வேறு பாடம் என்று குழம்பியவர்கள் உண்டு. ஒரு கொப்பியில் நம் சொல், அவர்கள் சொல், ஆங்கிலச் சொல் என மூன்று நிரல்களாக எழுதிவருவது மிகவும் பயன்படும்.

திருமணமான பெண் படிக்கப் போவதை மாமியார் வீட்டில் ஏற்கவில்லை. என்ன செய்வது?

ஒரே நாளில் தீர்க்கக்கூடியதாக நான் எதையும் சொல்ல முடியாது. கணவர் துணை நின்ற இடங்களில் அந்தப் பெண்கள் பெரும்பாலும் முடித்திருக்கிறார்கள். அவர் துணை என்பது புகழ்ந்து பேசுவதன்று, வகுப்பு நாளில் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது. மாமியாரை ஒருமுறை வட்டத்துக்கே கூட்டிவந்து உட்காரவைத்தது ஒரு வீட்டில் பலன் தந்தது: மருமகள் எங்கே போகிறாள், யாரோடு இருக்கிறாள் என்ற கவலையே அங்கே எதிர்ப்பாக இருந்திருக்கிறது. வகுப்பு முடிந்து வரும் கடைசிப் பஸ்ஸின் நேரத்தை வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் மகள் இரவில் படிக்கிறாள். நான் என்ன உதவி செய்யலாம்?

அம்மா, ‘இன்றைக்கு எத்தனைப் பக்கம் படித்தாய்?’ என்று தினமும் கேளுங்கள். அவள் படிக்கும் நேரத்தில் அவளைத் தண்ணீர் எடுக்க அனுப்பாதீர்கள். பெரிய உதவி அதுதான்.

கல்வி நிறுவனங்களும் தோட்ட நிர்வாகமும் செய்ய வேண்டியவை எவை?

நிறுவனங்கள் மாணவர் நின்ற பிறகு விசாரிக்காமல், மூன்றாவது வாரத்திலேயே ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்க வேண்டும். அதுவும் மாலை ஆறு மணிக்குப் பிறகு, தமிழில். பரீட்சை நிலையத்தைக் கண்டியில் மட்டும் வைத்தால், பொகவந்தலாவையிலிருந்து வருகிறவர் அதிகாலை இருட்டில் புறப்பட வேண்டியிருக்கிறது என்பதை அட்டவணை போடுகிறவர் நினைத்துப் பார்க்க வேண்டும். அரச ஊழியருக்கு, அவர்களுடைய சேவை விதிகளான தாபனக் கோவையில் படிப்பு விடுமுறைக்கு இடமுண்டு; தோட்டத் தொழிலாளிக்கு அப்படி ஒன்றும் இல்லை. பரீட்சை நாட்களுக்காவது பேர் குறையாத விடுமுறையைத் தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தையோடு சேர்த்துக் கேட்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆண்டுக்குச் சில நாட்கள்தான். நிர்வாகத்துக்கு அது பெரிய செலவாகாது.

நான் சில ஆண்டுகளுக்கு முன் சேர்ந்து இடையில் விட்டவன். திரும்பப் போகலாமா?

போகலாம். நீங்கள் ஏற்கெனவே சித்தியடைந்த பாடங்கள் பொதுவாகக் கணக்கில் இருக்கும். ஆனால் பட்டத்தை முடிப்பதற்கு உச்சக் காலம் உண்டு என்பதால், இன்னும் எத்தனை ஆண்டு மிஞ்சியிருக்கிறது என்பதை முதலில் கேளுங்கள். பழைய பாடங்கள் மாற்றப்பட்டிருந்தால் அவற்றுக்கு ஈடாக எதை எடுக்க வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பழைய மாணவர் பதிவிலக்கம் தெரியாவிட்டால் அடையாள அட்டையோடு நிலையத்துக்குப் போனால் போதும். சென்ற ஆண்டு ஒருவர், ஈரத்தில் பக்கங்கள் ஒட்டிப்போன தன் பழைய பாடநூலைப் பையில் வைத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். ஒட்டியிருந்த பக்கங்களைப் பிரித்து, அவர் நிறுத்தியிருந்த ஐந்தாம் பாடத்திலிருந்தே தொடங்கினோம்.